முப்பத்தோராம் மனை

ரங்கம்மாள் நகர்,
கள்ளக்குறிச்சி.
28.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் செல்வி எழுதுவது. நானும் வாணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். போன தடவை மாதிரி நாலு வரியில் முடித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். போனில் பேசினால் வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்குமே என்று "ம்ம், ம்ம்" என்பதற்கு மேல் நீங்கள் வாயைத் திறப்பதில்லை. கடலூருக்கு வந்து மனு போட்டுப் பார்த்தாலும் அந்தக் கம்பிக்கு நடுவில் பாதிப் பேச்சு காதில் விழுவதில்லை. ஆகவே கடுதாசிதான் நமக்குக் கதி.

மேலே விலாசத்தைப் பார்த்தீர்களா? நமக்குச் சொந்த வீடு ஆகிவிட்டது மாமா! நேற்றுக் காலையில் பால் காய்ச்சிவிட்டோம். நீங்கள் உள்ளே போன மறு மாதமே முதலாளி இளவரசன் வந்தார். "தமிழு என் டிப்பர ஓட்டிக்கினு போயித்தான் மாட்டிக்கினான். அந்த விபத்துக்கு வக்கீல் வச்சி அவன வெளிய கொண்டாரது என் பொறுப்பு. நீ புள்ளய வச்சிக்கினு வாடக வூட்ல கஷ்டப்படாத" என்று சொல்லி, அவருடைய அம்மா பெயரில் போட்ட இந்த நகரில் கடைசி மனையை நம் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். முப்பத்தோராம் நம்பர். என் நகையும் வடக்கனந்தல் அண்ணன் செய்த உதவியும் சேர்ந்து இரண்டு அறை எழும்பிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். என் வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஜில்லா ஆனதிலிருந்து கள்ளக்குறிச்சியில் காலி இடமே கண்ணில் படுவதில்லை. அதில் நமக்கும் ஓர் ஓரம் கிடைத்துவிட்டது. முன் வரிசையில் குஞ்சம்மாள் அக்கா இருக்கிறார். கருணாபுரத்தில் நமக்கு அடுத்த தெரு. போன வருஷம் சாராயத்தில் புருஷனைப் பறிகொடுத்தாரே, அவர்தான். அரசாங்கம் கொடுத்ததில் மனை வாங்கித் தகரம் போட்டு, மகள் அருள்மொழியை நர்சிங் படிக்க வைக்கிறார். பால் காய்ச்சிய அன்று பாதி வேலை அவர்தான் செய்தார்.

பூசாரி ஒரு கண்டிப்பு சொல்லியிருக்கிறார். நாற்பத்தெட்டு நாளைக்கு வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதாம். தினமும் விளக்கு எரிய வேண்டும், ஓர் ஆளாவது படுத்து எழ வேண்டும். மண்டலம் முடிவதற்குள் நீங்களே வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
செல்வி

கடலூர் சிறை
2.11.2025

அன்புள்ள செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன். முதுகு பரவாயில்லை.

வீடு கட்டிய செய்தி படித்தேன். கடைசி மனை என்றால் எந்தப் பக்கத்துக் கடைசி? மெயின் ரோட்டிலிருந்து போனால் வலது கைப்பக்கமா, இடது கைப்பக்கமா? பின்னால் ஒரு பெரிய நாவல் மரம் இருந்தது. அதை வெட்டிவிட்டார்களா? உடனே எழுது.

எதற்கும் மழை முடிகிற வரைக்கும் நீயும் வாணியும் வடக்கனந்தலில் உன் அண்ணன் வீட்டில் இருங்கள். புது இடம், பாம்பு பூச்சி வரும். மார்கழி பிறந்ததும் திரும்பிக்கொள்ளலாம்.

வாணிக்கு என் முத்தம்.

தமிழரசன்

ரங்கம்மாள் நகர்
7.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான்கு வரியில் முடிக்காதீர்கள் என்று சொன்னதற்கு எட்டு வரி எழுதியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். அந்த எட்டில் ஒரு வரி "நல்லா பண்ணிட்ட செல்வி" என்று இருந்திருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? கடிதத்தை வாணியிடம் படித்துக் காட்ட வெட்கமாக இருந்தது. நானாக ஒரு வரி சேர்த்துப் படித்தேன்.

பாம்புக்குப் பயந்து புது வீட்டைப் பூட்டிவிட்டுப் போகச் சொல்கிறீர்கள். கருணாபுரத்தில் சாக்கடை ஓரம் குடியிருந்தபோது வராத பயம் இப்போது எங்கிருந்து வந்தது? அண்ணன் வீடே ஒற்றை அறை. அண்ணிக்கு ஒன்பதாம் மாதம். அரிசி மில்லுக்கு அங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். நாற்பத்தெட்டு நாள் கணக்கு வேறு இருக்கிறது. அதைக் கெடுத்து, உங்கள் கேஸில் ஏதாவது இடைஞ்சல் வந்தால் என் மனசு தாங்குமா?

நீங்கள் கேட்டதற்குப் பதில். இடது கைப்பக்கம். நாவல் மரம் இல்லை, அடிக்கட்டை மட்டும் இருக்கிறது, வாணி அதில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டியபோது மேலே ஐந்தடிக்குச் செங்கல் உடைசலும் செம்மண்ணும். அதற்குக் கீழே கறுப்பு மணலும் நத்தை ஓடும் வந்தன. கொத்தனார், "இன்னாம்மா, ஆத்துக்குள்ள வூடு கட்றியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போன வாரம் சமையல் மூலையில் தரை ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. புதுக் கட்டடம் அப்படித்தான் உட்காரும் என்கிறார்கள்.

உங்களுக்கு அந்த நாவல் மரம் எப்படித் தெரியும்? நான் இடத்தைச் சொல்வதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். காரணம் இருந்தால் நேராகச் சொல்லுங்கள். இல்லையென்றால் என் சந்தோஷத்தில் கையை வைக்காதீர்கள்.

செல்வி

கடலூர் சிறை
12.11.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன். இங்கே எழுதுவதையெல்லாம் அவர்கள் படித்துவிட்டு, முத்திரை குத்தித்தான் அனுப்புவார்கள். படித்தால் படிக்கட்டும். உனக்குச் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை.

அந்த இடத்தில் மண் கொட்டினது நான்தான்.

அது ஓடை, செல்வி. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரில் அணைக்குப் போவது போக மீதி, ஏரியை நிரப்பி, உபரி வழிகிற கலங்கலைத் தாண்டி அந்த வழியாகத்தான் வரும். போன வருஷக் கார்த்திகைப் புயலில் நான் லோடு ஏற்றிக்கொண்டு வந்து அந்தக் கரையில் நின்றுவிட்டேன். டிப்பர் டயர் மூழ்குகிற தண்ணீர், மரத்தை வேரோடு புரட்டிக்கொண்டு போயிற்று. கல்வராயன் மலையில் கொட்டின மழை, இங்கே வெயில் அடிக்கும்போது வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் பத்து நாள் பிரித்துப் பெய்கிற மழை இப்போதெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுகிறது. உனக்கும் தெரியும்.

தை மாதம் முதலாளி அந்த ஓடையையும் சேர்த்து அளந்துவிட்டார். நாற்பது நாள், ஒரு நாளைக்குப் பத்து லோடு. பழைய கட்டடத்து உடைசல், ஏரி மண், எது கிடைத்ததோ அது. தண்ணீர் போக அடியில் இரண்டடிச் சிமெண்டுக் குழாய் மூன்று போட்டோம். இரண்டு டிப்பர் ஒட்டி ஒட்டிப் போகிற அகலத்து ஓடைக்கு மூன்று குழாய். அந்தக் குழாயின் வாயில்தான் முப்பத்தோராம் மனை இருக்கிறது. அதனால்தான் அது விற்காமல் கிடந்தது. "இது தாங்காது முதலாளி" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "ஒனக்கு வண்டிதான ஓட்டத் தெரியும், வண்டிய ஓட்டு" என்றார். ஓட்டினேன். யாரோ வந்து குடியிருப்பார்கள் என்று நினைத்தேன். நீ வந்து குடியிருப்பாய் என்று நினைக்கவில்லை.

கடிதம் கண்டதும் வாணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. மண்டலமாவது ஒன்றாவது. வெறும் தூறல்தானே என்று இருந்துவிடாதே. நம் ஊரில் வானம் சும்மா இருந்தாலும் மலையில் பெய்தால் ஆறு மணி நேரத்தில் தண்ணீர் அங்கே நிற்கும்.

இன்னொன்று. இதை எழுதக் கை கூசுகிறது. யாரிடமும் சொல்லாதே. சென்னைக் கோர்ட்டில் என் ஜாமீன் மனு இந்த மாசக் கடைசியில் வருகிறது. வக்கீல் முதலாளியின் ஆள். ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியவர்களும் அவர் ஆட்கள். நகரில் பேச்சுக் கிளம்பினால் அது நம் வீட்டிலிருந்துதான் வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் வெளியே வந்த அன்றைக்கே வீடு வீடாகப் போய் நானே சொல்கிறேன். சத்தியம்.

தமிழரசன்

வடக்கனந்தல்
18.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். இனிமேல் பயப்படாதீர்கள்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. உங்கள் மேல் கோபப்படுவதா, உங்களை நினைத்து அழுவதா என்றே புரியவில்லை. நான் ஆசை ஆசையாகச் சாணி மெழுகிக் கோலம் போட்ட இடத்தில் உங்கள் டிப்பர் நின்றிருக்கிறது. நீங்கள் அந்தக் கூலியில்தான் வாணிக்குச் சித்திரைத் திருவிழாவுக்குப் பச்சைப் பாவாடை எடுத்துக் கொடுத்தீர்கள். அந்தப் பாவாடையை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டேன்.

கிளம்பும்போது குஞ்சம்மாள் அக்கா வந்துவிட்டார். "இன்னாடி, மூட்ட முடிச்சோட எங்க கெளம்பிட்ட? நாப்பத்தெட்டு நாளு ஆவலயே" என்றார். அண்ணிக்குப் பிரசவ நேரம், கூட இருக்க ஆள் இல்லை என்று சொன்னேன். பாதி உண்மைதான், ஆனாலும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். "அதுக்கோசரம் வெளக்கு நின்னுடப் போவுதா? சாவிய குடு. நானும் அருளும் வந்து படுத்துக்கறோம். எங்க வூட்ல தகரம் ஒழுவுது, ஒன் வூட்ல நல்லா தூங்குவோம்" என்று கையை நீட்டினார்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது மாமா. அக்கா, அங்கே படுக்காதே, உன் வீட்டிலும் இருக்காதே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்காவது போ. இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். உங்கள் ஜாமீன் நினைவுக்கு வந்தது. ஐந்து மாதமாக உங்களைக் கம்பிக்கு அந்தப் பக்கமே பார்க்கிறேன். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் சீக்கிரம் வந்து சொல்லிவிடுங்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள்
செல்வி

கடலூர் சிறை
24.11.2025

அன்புள்ள செல்விக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

குஞ்சம்மாள் அக்கா நம் வீட்டில் படுக்க வேண்டாம். அவர் வீடு முன் வரிசை, ரோட்டு மட்டத்துக்கு இருக்கும். அங்கே தண்ணீர் வந்தாலும் முழங்காலோடு போகும். நம் வீடு அப்படி இல்லை. விளக்கை ஏற்றிவிட்டு அவர் வீட்டுக்கே போய்விடட்டும். எலி என்று சொல், கரண்டு அடிக்கிறது என்று சொல், ஏதாவது சொல். ஜாமீன் மனு நாலாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். இன்னும் பத்து நாள். அது வரைக்கும் பொறுத்துக்கொள்.

இங்கே இரண்டு நாளாகத் தூறிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவர், "இன்னாய்யா, மழ பெஞ்சா எழுந்து எழுந்து உக்கார்ற" என்று கேட்கிறார்.

தமிழரசன்

வடக்கனந்தல்
9.12.2025

வாணியின் அப்பாவுக்கு,

குஞ்சம்மாள் அக்கா செத்துவிட்டார்.

பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பேப்பரில் வராததை நான் எழுதுகிறேன். உங்கள் கடிதம் 28ஆம் தேதி கிடைத்தது. மறுநாளே மில்லுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அக்கா நம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, விளக்கு மட்டும் ஏத்துங்க, படுக்க வேணாம், மூலையில தர எறங்குது" என்றேன். அவர் விடவில்லை. "தர எறங்குனா இன்னா, நான் இந்தப் பக்கமா படுத்துக்கறேன். வெளக்கு மட்டும் பத்தாது, மனுசங்க படுத்து எழுந்திருக்கணும். ஒன் புருசன் நல்லபடியா வூடு வந்து சேரணும்ல? எனக்குத்தான் வரல, ஒனக்காவது வரட்டும்" என்றார். அதற்கு மேலும் நான் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டு பஸ் ஏறினேன். எனக்கு இரண்டாம் தடவையும் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. இரண்டாம் தடவையும் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து மலையில் விடாமல் கொட்டியிருக்கிறது. வெள்ளிமலைப் பக்கம் ரோடே அறுந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் தூறல்தான். செவ்வாய்க்கிழமை விடியும்போது தண்ணீர் வந்தது. குழாய் மூன்றும் குப்பையில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் மேலே ஏறி, நீங்கள் கொட்டிய மண்ணையெல்லாம் அடியோடு அரித்துக்கொண்டு போய்விட்டது. நம் வீடு பின்பக்கமாக உட்கார்ந்து அப்படியே சரிந்ததாம். முன் வரிசையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் தகர வீட்டில் முழங்கால் அளவுக்குச் சேறு, அவ்வளவுதான். அவர் அவருடைய வீட்டில் படுத்திருந்தால் இன்றைக்கு அந்தச் சேற்றைக் கழுவிக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

அருள்மொழிக்குக் காலேஜில் பரீட்சை. அன்றைக்கு ஹாஸ்டல் தோழியிடம் தங்கிவிட்டாள். அதனால் பிழைத்தாள். மூன்றாம் நாள் நாவல் கட்டைக்குக் கீழே ஒரு பர்லாங் தள்ளி அக்காவை எடுத்தார்கள். நான் போயிருந்தேன். அடையாளம் நான்தான் காட்டினேன்.

காரியத்தன்று அருள்மொழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "அக்கா, ஒங்க அண்ணிக்கு இன்னும் கொழந்த பொறக்கலியே, நீங்க ஏன் அப்பவே போய்ட்டீங்க?" என்று கேட்டாள். அவள் ஒன்றும் தெரிந்து கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள். பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பையில் உங்கள் கடிதம் இருந்தது. 12ஆம் தேதிக் கடிதம். எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். முழுசாகப் படித்தாள். அப்புறம் இரண்டாம் தடவை ஆரம்பத்திலிருந்து படித்தாள். "எங்கம்மாகிட்ட சாவி குடுக்கறப்போ இது ஒங்க பையில இருந்துச்சா?" என்றாள். இருந்தது என்றேன். கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். என்னை அடித்திருந்தால் தேவலை.

உங்களுக்கு நாலாம் தேதி ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வக்கீல் சொல்லியிருப்பார். நேற்று முதலாளி காரில் வந்தார். வேறு இடத்தில் வீடு கட்டித் தருகிறாராம். "இயற்கை சீற்றம்மா, நம்ம கையில இன்னா இருக்குது? விசாரணையில கேட்டா ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு. நாளைக்கே தமிழுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் அனுப்பறேன்" என்றார். வாணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலையில் கோட்டாட்சியர் விசாரணைக்குப் போனேன். உங்கள் மூன்று கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். சிறை முத்திரையில் தேதி இருக்கிறது, யாருக்கு எப்போது தெரியும் என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் தெரியும், தெரிந்துதான் சாவி கொடுத்தேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி இனி ஆள் அனுப்ப மாட்டார். நீங்கள் இப்போதைக்கு வர முடியாது. அது தெரிந்துதான் செய்தேன்.

உங்களை வெறுக்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வெறுக்க எனக்கு என்ன யோக்கியதை? நீங்கள் மண் கொட்டினீர்கள். நான் அதன் மேல் ஒரு மனுஷியைப் படுக்க வைத்தேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தச் சாவிதான் தெரியும். என் முகத்தில் உங்களுக்கும் அதுதான் தெரியும். இனி எழுதாதீர்கள். வாணியை நான் வளர்த்துக்கொள்கிறேன்.

செந்தமிழ்ச்செல்வி

கடலூர் சிறை
15.12.2025

செல்விக்கு,

எழுதாதே என்றாய். இது உனக்கு எழுதும் கடிதம் இல்லை என்று வைத்துக்கொள். படித்துவிட்டு, கீழே நான் சொல்கிற இடங்களில் இருக்கிறவர்களிடம் சேர்த்துவிடு. பதில் வேண்டாம்.

அதிகாரிகள் வந்தார்கள். முதலாளி பெயர், மண் எடுத்த ஏரி, நாள், எல்லாம் சொல்லிவிட்டேன். வக்கீல் விலகிவிட்டார். ஜாமீன் உத்தரவு பேப்பராக என்னிடம் இருக்கிறது, கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. நீ செய்தது சரி. நான் அன்றைக்கே "எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதத் தெரியாமல் இல்லை. எனக்கு வெளியே வர வேண்டும் என்று இருந்தது.

அதிகாரிகள் ரங்கம்மாள் நகரைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். நான் ஒன்பது வருஷமாக டிப்பர் ஓட்டுகிறேன். நான் சொல்ல ஆரம்பித்த மற்ற இடங்களை, "அது இந்த விசாரணையில் வராது" என்று எழுதிக்கொள்ளாமல் போய்விட்டார்கள்.

சேலம் போகிற ரோட்டில் புதிதாக வந்திருக்கிற கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மல்லிகை கார்டன் என்று ஒரு நகர் இருக்கிறது. அதில் கிழக்குப் பார்த்த மூன்று வரிசை, தண்ணீர் நிற்க வேண்டிய ஏரியின் உள்வாய். நான் கொட்டின மண். பள்ளிக்கூட வேன்கள் நிறுத்துகிற மைதானத்தை ஒட்டி, பச்சை பெயிண்ட் அடித்த இரண்டு மாடி வீடு ஒன்று இருக்கும். அது வாய்க்கால் மேல் நிற்கிறது. அந்த வீட்டில் ஓர் அம்மா எங்களுக்கு மோர் கொடுப்பார், பெயர் தெரியாது. கச்சிராயபாளையம் போகிற வழியில் கரும்பு எடைமேடை தாண்டினதும் பதினெட்டுத் தகரக் கொட்டகை இருக்கும், செங்கல் சூளைக்காரர்கள் குடியிருக்கிறார்கள். அங்கே மதகையே மூடி மண் அடித்தோம். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அங்கே நிறைய குழந்தைகள்.

மழை இன்னும் முடியவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். முதலில் அந்தக் கொட்டகைக்குப் போ. என் பெயரைச் சொல், மண் கொட்டின டிரைவர் சொன்னான் என்று சொல். நம்பாவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

இன்றைக்கே போ, செல்வி.

தமிழரசன்